ஆறாத புண்ணும் மூலிகைத் தைலமும்: சோதனைக்கூடம் சொல்வது என்ன?

விருத்தாசலம் பீங்கான் பொம்மைக்கும் ஃபியூஸ் கட்டைக்கும் பெயர் பெற்ற ஊர். சூளையருகே வேலை செய்யும் சர்க்கரை நோயாளிக்குக் கால் மரத்திருந்தால், சுட்டதுகூடத் தெரியாது. கொப்புளம் புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் கவனிப்பார். அப்போது நம் வீடுகளில் முதலில் அரைபடுவது மஞ்சளும் வேப்பிலையும் குப்பைமேனியும்தான். நோய்க்கு மருந்தும் உண்டு என்ற கருத்துடைய நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. எது மருந்து, எவ்வளவு என்று தேடுவது நம் வேலை.

சித்த மருத்துவத்தில் ஆறாத புண்ணுக்குப் பூசும் மத்தன் தைலத்தையே எடுத்துக்கொள்வோம். ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் ஆகியவை சேர்ந்தது அது. இதைச் சோதிக்க, புண்களில் பெருகும் ஸ்டெஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களை அகார் தட்டில் பரப்பி, மருந்தில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வில்லையை வைப்பார்கள். 35 டிகிரி சூட்டில் 16 முதல் 18 மணி நேரம் கழித்து, வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் இருக்கிறதா என்று அளப்பார்கள்.

இங்கேதான் சிக்கல். எண்ணெய் நீர்ப்பசையுள்ள அகாரில் சரியாகப் பரவாது. வட்டம் சிறியதாக இருப்பதாலேயே மருந்து வீண் என்று சொல்லிவிட முடியாது. மறுபுறம், மயில்துத்தம் என்பது செம்புச் சத்து. தனியாகவே கிருமியைக் கொல்லும். ஆகவே வட்டம் பெரிதாக வந்தாலும் பெருமை இலைக்கா, துத்தத்துக்கா? சாற்றைத் தனியே, எண்ணெயைத் தனியே, துத்தத்தைத் தனியே வைத்துப் பார்க்காத சோதனையை நாம் நம்புவதற்கில்லை. சாறு எடுக்க ஆல்கஹால் பயன்படுத்தியிருந்தால் வெறும் ஆல்கஹாலுக்கும் ஒரு வில்லை வேண்டும்.

தட்டில் வென்றது காலில் வெல்லும் என்றும் இல்லை. புண்ணில் கிருமிகள் பிசின் போன்ற படலம் கட்டி ஒளிந்துகொள்ளும். சர்க்கரை நோயாளிக்கு ரத்த ஓட்டமும் குறைவு. அதனால்தான் மனிதர்களிடம் நடத்தும் ஆய்வு தேவை. அத்தகைய ஆய்வுகளைப் பதிவு செய்ய இந்தியாவில் 2007 முதல் தனிப் பதிவேடு உள்ளது.

மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டு, நம் சிஎஸ்ஐஆர் எதிர்த்ததால் 1997இல் ரத்தானது. பழைய நூல்களே சான்றாயின. ஆனால் அந்தத் தீர்ப்பு மஞ்சள் நமக்குப் பழக்கமானது என்றுதான் நிலைநாட்டியது; சீழ் பிடித்த காலுக்கு அது போதும் என்றல்ல.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவும் உண்டு. ஊமத்தை நஞ்சு என்பதால் தைலத்தை வீட்டில் காய்ச்ச வேண்டாம். புண் கறுத்தாலோ, நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.