கோதுமையும் கெட்ட கனவும்: நெல்வயல்மீது எழுந்த நகரத்திலிருந்து ஒரு வரலாறு

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பிலுள்ள நியூ டவுன், ராஜார்ஹாட்டின் நெல்வயல்கள்மீதும் மீன் வளர்த்த நீர்நிலைகள்மீதும் எழுந்த நகரம். அதைக் கட்டியெழுப்பிய ஹிட்கோ நிறுவனம் 1999இல் தொடங்கப்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன்புவரை அந்த மண்ணில் உழைத்தவரின் உணவு சோறும் மீனும். இன்று இரவுப்பணி முடித்துத் திரும்பும் கணினி நிறுவன ஊழியரின் கையில் ரொட்டியோ மோமோவோ பீட்சாவோ இருக்கிறது. உறக்கம் கெட்டால், கெட்ட கனவு வந்தால், இப்போது பலரும் கோதுமையின் பசையத்தை, அதாவது குளூட்டனை, ஐயுறுகின்றனர். இந்த ஐயத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

உறக்கத்தில் நெஞ்சை அழுத்தி வாயடைக்கச் செய்யும் அனுபவத்தை வங்காளிகள் 'போபா' பிடித்ததாகச் சொல்வர். தமிழர் அதை அமுக்குவான் பேய் என்றனர். பேயிடமிருந்து கனவை மீட்டு மனத்திடம் ஒப்படைத்த முயற்சியும் கொல்கத்தாவில்தான் நடந்தது. 1922இல் அங்கே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், ஃபிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர்; கனவைப் பற்றி 'ஸ்வப்ன' என்ற நூலை வங்க மொழியில் எழுதியவர். பேய், மனம் என்ற இவ்விரு விளக்கங்களிலும் வயிற்றுக்கு இடமில்லை. "இரவில் வயிறு முட்ட உண்ணாதே" என்ற வீட்டுப் பெரியோரின் அறிவுரையோடு அது நின்றுவிட்டது.

வயிற்றின் கதை வேறிடத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ சீலியாக் நோயைத் தெளிவாக விவரித்து, அதற்கு உணவே மருந்தாக முடியும் என்று கருதினார். எந்த உணவு குற்றவாளி என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டறிந்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. போருக்கு முன்பே கோதுமைமீது அவருக்கு ஐயம் இருந்தது. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி அரிதானபோது நோயுற்ற குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியபின் மீண்டும் நலிந்ததும் அந்த ஐயத்தை உறுதிப்படுத்தின. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு நோயின் காரணத்தைக் கோதுமையில் நிலைநாட்டியது.

அதே போர் வங்கத்தில் எதிர்த்திசையில் இயங்கியது. 1943 பஞ்சத்துக்குப் பின், 1944 ஜனவரி இறுதியில் கொல்கத்தாவில் பங்கீட்டு முறை வந்தது. அரிசியோடு கோதுமையும் அளந்து கொடுக்கப்பட்டது. 1956இல் கையெழுத்தான பி.எல். 480 ஒப்பந்தத்தின்கீழ் அமெரிக்கக் கோதுமை கப்பல்களில் வந்திறங்கியது. விருந்து நாளின் லூச்சிக்கு உரியதாயிருந்த மாவு, அன்றாடத் தட்டுக்கு வந்தது. டச்சுக் குழந்தைகளிடமிருந்து கோதுமையைப் பறித்த போர், சோறுண்ட மக்களிடம் அதைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஆனால் நோயைத் தேடிய கண்கள் வடக்கையே நோக்கின. 1966இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வுகள் வட இந்தியரிடம் சீலியாக் நோய் இருப்பதைக் காட்டின. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் கொல்கத்தாவிலும் அக்காலத்தில் சத்துக்கள் குடலில் உறிஞ்சப்படாமை என்றாலே 'வெப்பமண்டல ஸ்புரூ' என்ற நோயே ஆய்வின் மையமாக இருந்தது. பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 2016இல் வெளியிட்ட, 23,331 பேரை உள்ளடக்கிய ஆய்வு இந்தியாவின் படத்தைத் தெளிவாக்கியது. ஆயிரம் பேருக்கு வடக்கில் 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கில் 0.11 என்ற அளவில் நோய் இருந்தது. நோய்க்கு இடந்தரும் மரபணு வகைகளோ மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருந்தன. நாளொன்றுக்கு உண்ட கோதுமை வடக்கில் 455 கிராம்; வடகிழக்கில் 37, தெற்கில் 25. கோதுமையின் அளவு வடக்கின் நிலையை விளக்கலாம். வடகிழக்குக்கும் தெற்குக்கும் இடையிலுள்ள பெரும் வேறுபாட்டை அதுமட்டும் விளக்காது. சோறுண்ணும் நிலமாதலால் இங்கே நோயிராது என்று கருதவும் இயலாது.

உறக்கத்துக்கு வருவோம். 2010இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று, சீலியாக் நோயாளிகள் நலமுடையோரைவிடக் குறைந்த தரத்திலேயே உறங்குவதையும், பசையமற்ற உணவுக்கு மாறியவர்களிடமும் அக்குறை நீடிப்பதையும் கண்டது. 2015இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, அவர்களிடையே உறக்க மருந்துப் பயன்பாடு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இதன் வழிகளில் சில விளங்கக்கூடியவை. குடற்சுவர் சிதைந்தால் இரும்புச்சத்து ஏறாது. இரும்புச்சத்துக் குறைந்தால் இரவில் கால்கள் அமைதியிழந்து உறக்கத்தைக் கலைக்கும். மனச்சோர்வும் பதற்றமும் இதனுடன் சேரும். கலைந்த உறக்கத்தில் கண்ட கனவு நினைவில் தங்குவது எளிது.

கனவைப் பொறுத்தவரை சான்று இன்னும் மெலிது. 1,082 மாணவரிடம் நடத்தி 2025இல் வெளியிடப்பட்ட கனடிய ஆய்வில், கெட்ட கனவோடு தொடர்புடையதாகத் தெரிந்தது பாற்சர்க்கரை ஒவ்வாமை. வயிற்று உபாதையே அதற்கு வழி என்று ஆய்வாளர் கருதினர். கோதுமையிலும் பசையம் மட்டும் இல்லை; வயிற்றை உப்பவைக்கும் ஃபிரக்டான் என்ற மாவுப்பொருளும் உண்டு. இரவுப்பணியும் நேரந்தவறிய உணவும் தம்மளவிலேயே உறக்கத்தைக் கெடுக்கும்.

ஆகவே இங்கே இரு தவறுகளுக்கும் வாய்ப்புண்டு. சோறுண்ணும் நாட்டில் சீலியாக் ஏது என்று மருத்துவர் இரத்தச்சோகைக்கு மாத்திரை மட்டும் தருவது ஒன்று. ஐயம் தோன்றியவுடனேயே நோயாளி ரொட்டியை விட்டுவிட்டுப் பிறகு பரிசோதனைக்குச் செல்வது மற்றொன்று. கோதுமையை விலக்கினால் நோயை அறிவிக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் குறைந்துவிடும்; நோயிருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். முதலில் இரத்தப் பரிசோதனை, பின்பே பத்தியம் என்பதே சரியான வரிசை. டிக்கேயின் குழந்தைகள் ரொட்டி போனதாலும் மீண்டும் வந்ததாலும் கற்பித்த பாடத்தை, இன்று ஒரு பஞ்சமின்றியே ஒரு துளி இரத்தத்தில் கற்றுக்கொள்ள முடியும்.