வாண்டா டெசலாட்டா

இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர் ஆகிய நாடுகளில் மரங்களைப் பற்றி வளரும் ஆர்க்கிட் வகை. மரத்தில் தொற்றியிருப்பதால் புல்லுருவி என்று பலரும் வெட்டி எறிகிறார்கள். ஆனால் புல்லுருவியைப் போல இச்செடி மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை.

பெயர் வரலாறு: 1776இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் சேர்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க், சாமல்கோட்டையில் இருந்தபோது உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்களை வரையச் செய்தார். 1795இல் அச்சேறத் தொடங்கிய அத்தொகுப்பில் இச்செடி எபிடெண்ட்ரம் டெசலாட்டம் எனப்பட்டது. இதழ்களில் ஓடும் கட்டக்கோடுகளே அப்பெயருக்குக் காரணம். வாண்டா என்ற பெயரை முதலில் வழங்கியவர் வில்லியம் ஜோன்ஸ். 1820இல் அப்பேரினத்தை முறைப்படி வெளியிட்ட ராபர்ட் பிரவுன் இச்செடிக்கு இட்ட வாண்டா ராக்ஸ்பர்கி என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி டெசலாட்டா நிலைத்தது.

வளர்ச்சி: டெண்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் பேரினத்தில் அடியிலிருந்து புதுப்புதுத் தண்டுகள் கிளம்பும், அவற்றை எண்ணினால் செடி கடந்த பருவங்கள் ஏறக்குறையத் தெரியும். வாண்டாவுக்கு ஒரே தண்டு, அது உச்சியில் மட்டும் நீளும். வார் போன்ற இலைகள் இருபுறமும் வரிசையாக அடுக்கியிருக்கும்; அடியிலைகள் உதிர்ந்த இடத்தில் வளையத் தழும்பு நிற்கும். இலைக்கக்கத்தில் காய்ந்த குச்சி தெரிந்தால் அங்கே முன்பு பூங்கொத்து வந்திருக்கிறது. நடுவில் சில இலைகள் மட்டும் குட்டையாக இருப்பின், அப்போது தண்ணீரோ வெளிச்சமோ குறைந்திருக்கும், அல்லது செடி இடம் மாறியிருக்கும். வேரைச் சுற்றியுள்ள வெண்ணிறப் பஞ்சுறை நனைந்ததும் பச்சையாகும். வளரும் வேரின் நுனி பெரும்பாலும் பச்சை. விதை தூசியளவுதான். உரிய பூஞ்சையின் துணையின்றி இயற்கையில் முளைக்காது; முளைத்தாலும் பூக்கப் பல ஆண்டுகள்.

வளர்ப்பு: சென்னையின் திருவொற்றியூர், எண்ணூர் மாடிகளில் கடற்காற்றின் ஈரப்பதம் இதற்குச் சாதகம். உப்புள்ள போர்வெல் தண்ணீர் ஆகாது. உப்பு ஏறினால் முதலில் கருகுவது வேர்நுனி. மழைநீரைப் பிடித்து வைத்துத் தெளிப்பதே சரி. இலையில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைக்கலாம். இலைக்கக்கத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகும்.

இன்றைய நிலை: ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. காட்டுச்செடியைப் பறிக்காமல் நர்சரிச் செடியையே வாங்க வேண்டும்.