காட்டுப்பூ காட்டும் காணியுரிமை

பூ என்றதும் நம் நினைவுக்கு வருவன எவை? கோயில் வாயிலிலே கட்டி விற்கும் மாலை. மணப்பந்தலிலே மங்கையின் கூந்தல். மேடையிலே தலைவர்க்குச் சூட்டும் ஆரம். எவரும் விதைக்காமல், எவரும் நீர் வார்க்காமல், காட்டிலே தானே மலரும் ஒரு பூவுக்காக ஊரே திரண்டு விழா எடுக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்துச் சோட்டா நாகபுரி மேட்டுநிலத்திலே, மார்ச்சு அல்லது ஏப்ரல் திங்களில் ஆண்டுதோறும் அவ்விழா நடைபெறுகிறது. சர்ஹூல் என்பது அதன் பெயர். சாலமரம் பூக்கும் காலமே அதன் காலம்.

ஊரை ஒட்டி, வெட்டாமல் விட்டுவைத்த பழைய சாலமரத் தோப்பு ஒன்று உண்டு. சர்னா என்பர் அதனை. ஊர்ப் பூசகரான பாஹன் அங்கே சாலப்பூவைப் படைக்கிறார். பின்னர் வீடுவீடாகச் சென்று பூவை வழங்குகிறார். ஆடவரும் பெண்டிரும் பூவைச் சூடிக் கைகோத்து ஆடுகின்றனர். அந்நாள் வரும்வரை புதுப்பூவைச் சூடுவதில்லை, புதுக்கனியை உண்பதில்லை என்பது பழைய கட்டுப்பாடு. வலியவன் முந்திக்கொள்ள, எளியவன் ஏமாறாதபடி, காட்டின் செல்வத்தை எல்லாரும் ஒரே நாளில் தொடவேண்டும் என்ற ஊர்நெறியையே அக்கட்டுப்பாட்டில் நாம் காண்கிறோம்.

இவ்விழா எடுப்போருள் ஒராவோன் மக்களும் உளர். அவர்தம் மொழி குருக். அது திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்திலே காட்டியுள்ளார். 'நாம்' என்பதற்கு அவர்களும் 'நாம்' என்றே சொல்கின்றனர். கேட்போரை விலக்கிச் சொல்லும்போது 'ஏம்'. நம் பழந்தமிழ் 'யாம்' போல! பூவுக்கு அவர்கள் சொல் 'பூப்'. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 இலட்சம் பேர் பேசும் மொழி அது. ஆயினும், இனப்பெருமை பேசிக் களிக்க இதனைக் கூறவில்லை. அதே விழாவை முண்டா மக்களும் கொண்டாடுகின்றனர். அவர்தம் மொழி வேறு குடும்பம். மொழி இரண்டாயினும், மலர் ஒன்று. அம்மலருக்கு நேர்ந்த துயரும் ஒன்று.

அங்கே வேதம் ஓதுவார் இல்லை. வடமொழி மந்திரம் இல்லை. பிறப்பால் உயர்ந்தோன் எனத் தருக்கி நிற்பார் இல்லை. பாஹன் அம்மக்களுள் ஒருவரே. இதனால் எல்லாம் நன்று என்று நாம் சொல்லிவிடலாமா? கூடாது. கோழியைப் பலியிடுகின்றனர். இரவிலே மண்குடத்தில் நீர் நிரப்பி வைத்து, விடியலில் அது குறைந்த அளவைக் கொண்டு அவ்வாண்டின் மழையைக் கணிக்கின்றனர். குடத்து நீர் கசிவாலும் ஆவியாவதாலும் குறையும். வானத்து முகில் அதனிடம் அறிவுரை கேட்டுப் பொழிவதில்லை. நம் ஊர்ப் பஞ்சாங்கத்தை மறுக்கும் நா, அவ்வூர்க் குடத்தைக் கண்டு ஊமையாதல் நேர்மையன்று.

இவ்வுண்மையை அம்மக்களுள்ளேயே உரத்துச் சொன்னவர் உண்டு. 1914ஆம் ஆண்டில் ஜத்ரா ஒராவோன் என்னும் இளைஞர் பேய்வழிபாடு வேண்டா, பலி வேண்டா, மது வேண்டா என்றார். அத்தோடு நின்றாரா? நிலக்கிழார்க்குக் கூலியின்றி உழைக்கவும் வேண்டா என்றார்! தானா பகத் இயக்கம் என வரலாறு அதனைக் குறிக்கிறது. பேயையும் பண்ணையையும் ஒருசேர எதிர்த்த அத்துணிவு எண்ணத்தக்கது.

ஏனெனில், பூவின் கதை நிலத்தின் கதையே. காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர் அம்மக்கள். வெளியார் வந்து நிலக்கிழாராயினர், திருத்தியவர் குடியானவராயினர். 1831-32இல் கோல் கிளர்ச்சி மூண்டது. 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆதிக்குடிகளின் நிலங்களைப் பதிவு செய்தபோது, பூசகர்க்கும் ஊர்ப்பூசைக்கும் ஒதுக்கிய நிலங்களும் கணக்கில் ஏறின. விழா, உரிமைக்குச் சான்றாயிற்று! ஆனால் 1878ஆம் ஆண்டு வனச்சட்டம் காட்டை அரசின் உடைமையாக ஒதுக்கிவைக்க வழி செய்தது. அவர்கள் பூப்பறித்த சாலமரம், இரயில் தண்டவாளத்தின் அடிக்கட்டையாக வீழ்ந்தது. பிர்சா முண்டா தலைமையில் 1899-1900இல் மக்கள் வெகுண்டெழுந்தனர். 1900 ஜூன் 9இல் அவர் ராஞ்சிச் சிறையிலே மாண்டார். பின்னரே 1908இல் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் வந்தது. 2006இல் வன உரிமைச் சட்டம் பிறந்தது. கொடுத்தவர் கருணையால் வந்தனவா இவை? கேட்டவர் குருதியால் வந்தவை!

2011 கணக்கெடுப்பிலே சர்னா என்பதற்குத் தனி இடம் இல்லை. இருந்தும் 49 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தம்மைச் சர்னாவினர் என்றே எழுதச் செய்தனர். தனி இடம் வேண்டுமென ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. மதங்களின் பட்டியல் நீளவேண்டும் என்பது நம் ஆவலன்று. ஆனால், தான் யார் என்பதைத் தானே கூறும் உரிமை மனிதனுக்கு வேண்டும். பிறர் தம் பட்டியலிலே அவனை விழுங்கிவிடுதல் தகாது.

வகுப்பறையிலே மன்னர் போர்களை மனப்பாடம் செய்விக்கும் நாம், இம்மலரின் வரலாற்றையும் சொல்லவேண்டும். குடத்தின் குறி மறையட்டும். பலியின் குருதி உலரட்டும். பொதுவில் பறித்துப் பொதுவில் சூடும் பண்பு வாழட்டும்! பூவைச் சூடும் உரிமை அதன் மரம் நிற்கும் மண்ணின் மீதும் படர்ந்தாலன்றி, அவ்விழா முழுமை பெறாது.