உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கதை

ஒரு சமூகம் எதற்கெல்லாம் அஞ்சியது என்பதை அதன் வசைச்சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும். ‘பேதியில போவான்’, ‘கொள்ளையில போவான்’ என்று நம் கிராமங்களில் புழங்கும் வசைகள், ஓரிரவில் குடும்பங்களை வாரிச்சென்ற வாந்திபேதியின் எச்சங்கள். 1817-இல் வங்காளத்தில் கிளம்பிய காலரா அடுத்த ஆண்டே சென்னையை எட்டியது. அந்த அச்சம் தணிந்த வரலாறு நாம் அவ்வளவாக அறியாதது.

பேதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடல் இழக்கும் நீரும் உப்பும்தான். இதை 1831-இலேயே ஓஷானசி என்ற இளம் மருத்துவர் இங்கிலாந்தில் நோயாளிகளின் குருதியை ஆராய்ந்து சொன்னார். மறு ஆண்டு ஸ்காட்லாந்தின் தாமஸ் லாட்டா, உப்புநீரை நாளத்தில் செலுத்திச் சிலரைப் பிழைக்கவைத்தார். மருத்துவ உலகமோ குருதியை வடிப்பதையும் பேதிக்கே பேதிமருந்து கொடுப்பதையும் விடவில்லை. ஓஷானசி பின்னர் கல்கத்தாவுக்கு வந்தார். இந்தியாவுக்குத் தந்திக்கம்பி போட்டவராகவே வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது.

நாளத்தில் ஏற்றுவதற்கு ஊசியும் மருத்துவமனையும் வேண்டும். வாய்வழி கொடுத்தால் என்ன? வெறும் உப்புநீரைப் பேதி கண்ட குடல் சரிவர ஏற்பதில்லை. சர்க்கரை உடன்சென்றால் மட்டும் கதவு திறக்கிறது: இரண்டும் சேர்ந்தே குடற்சுவரைக் கடக்கின்றன, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. இந்த இயக்கத்தை 1960-இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். அதற்கும் முன்பே, 1953-இல், கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 186 நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்த அனுபவத்தை லான்செட் இதழில் எழுதியிருந்தார். உலகம் பொருட்படுத்தவில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும் நடத்திய ஆய்வே அதை நிறுவியது.

உண்மையான சோதனை 1971-இல் வந்தது. வங்கதேசப் போரில் எல்லை கடந்த அகதிகளிடையே, மேற்கு வங்கத்தின் போங்காவ் நகரில், காலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் பொட்டலம் கட்டி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. மருத்துவர் செய்ததைத் தாயும் செய்யலாம் என்பதே அந்த முகாம் கற்பித்த பாடம். அவருக்குப் பத்மவிபூஷண் கிட்டியது 2023-இல். அதற்குச் சில மாதங்கள் முன்பே காலமாகியிருந்தார்.

அடுத்த பத்தாண்டில் வங்கதேசத்தின் பிராக் அமைப்பு வீடுவீடாகச் சென்றது. மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட தாய்மாருக்குக் கற்பித்தது. தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்தே கற்பித்தவருக்கு ஊதியம்! உப்பிட்ட கஞ்சியும் மோரும் நம் அடுக்களையிலும் இருந்தவைதாம். கூடவே, ‘தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிறு காயட்டும்’ என்ற நம்பிக்கையும் இருந்தது. எத்தனை குழந்தைகளை அது பலிகொண்டதோ!

1992-இல் ஓ139 என்னும் புதுவகைக் காலரா முதலில் இனங்காணப்பட்டது சென்னையில்தான். அந்நகரின் தாகத்துக்காக நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கடல்நீர் உட்புகுந்த ஊர் மீஞ்சூர். அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் வந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: உவர்நீரில் கரைசல் தயாரித்தால் உப்பின் அளவு மிகும். ஒரு லிட்டர் நல்ல குடிநீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டும் தலைதட்டி. கூடுதல் கூடாது. பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். குழந்தைக்குத் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. மருத்துவர் சொல்லும் துத்தநாக மாத்திரையும் வேண்டும். மலத்தில் குருதி, குழிந்த கண், சிறுநீர் குறைதல், குடிக்க இயலாத சோர்வு கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

எளியதற்கு மதிப்பில்லை என்பதும் இக்கதையின் ஒரு பகுதி. இனிப்புப் பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைச் சூடிக்கொண்டு விற்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் முற்றாகத் தடுத்தது 2025-இல்தான். ‘பேதியில போவான்’ என்ற வசை வெறும் சொல்லாகத் தேய்ந்துபோக வேண்டுமானால், அரைத் தேக்கரண்டியின் கணக்கு ஒவ்வொரு அடுக்களையிலும் மனப்பாடமாக வேண்டும்.