மாறும் விண்மீன்களும் யெசோர்த் திறைசேரி ஊழியரும்

வானியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெருந்தொலைகாட்டிகளின் வரலாற்றையே எழுதியுள்ளனர். வில்லைகளின் விட்டம் பெருகப் பெருக மனிதனது வானறிவும் பெருகிற்று என்பது அவர்தம் கருத்து. பெரும்பகுதி உண்மையான இக்கருத்துக்கு வானியலின் ஒரு துறை விலக்காக நிற்கின்றது. ஒளியிற் கூடியும் குறைந்தும் தோன்றும் மாறும் விண்மீன்களைப் பற்றிய ஆய்வே அத்துறையாகும். அதன் அடித்தளத்தை இட்டோருட் பலர் வானியலைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள்.

விண்மீன்கள் மாற்றமற்றவை என்ற பழைய நம்பிக்கையை அசைத்தவர்களுள் ஒருவர் டேவிட் பப்ரீசியஸ் என்னும் மதகுரு. திமிங்கில மண்டலத்து மீரா என்று பின்னர் பெயர்பெற்ற விண்மீனின் ஒளி மாறுவதை அவர் 1596ஆம் ஆண்டிற் கண்டார். 1782ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோர்க் நகரில் யோன் குட்றிக் என்னும் பதினெட்டு வயது இளைஞர் அல்கோல் விண்மீனை இரவுதோறும் நோக்கலானார். செவிப்புலனற்ற அவர், அவ்விண்மீன் இரண்டு நாள் இருபத்தொரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த கால இடைவெளியில் மங்குவதை அறுதியிட்டார். இருண்டதொரு பொருள் அதனைச் சுற்றிவந்து மறைத்தல் காரணமாகலாம் எனவும் கூறினார். நூறாண்டுகளுக்குப் பின்னர், 1889ஆம் ஆண்டில், நிறமாலை ஆய்வு அவர் ஊகத்தை மெய்ப்பித்தது. குட்றிக்கோ 1786ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதிலேயே மறைந்துவிட்டார்.

இத்துறை ஒருவராலோ ஒரு வானாய்வகத்தாலோ நிறைவேறக் கூடியதன்று. மாறும் விண்மீன்கள் பல. அவற்றுட் பல ஒழுங்கான ஆவர்த்தனம் இல்லாதவை. எப்போது எது பொங்கி ஒளிரும் என முன்கூட்டி அறிதல் அரிது. பெருந்தொலைகாட்டியொன்றை ஆண்டுக்கணக்கில் ஒரே விண்மீனுக்கென ஒதுக்குதலும் இயலாது. இதனையுணர்ந்த பொன் நகர வானியலாளர் ஆர்கெலாந்தர், 1844ஆம் ஆண்டில் வானியல் ஆர்வலர்களின் துணையை வேண்டி அறைகூவல் விடுத்தார். 1911ஆம் ஆண்டில் வில்லியம் ரைலர் ஒல்கொற் என்னும் வழக்கறிஞர் அமெரிக்க மாறும் விண்மீன் அவதானிகள் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கத்துக்கு ஆசியாவிலிருந்து கிடைத்த அவதானிகளுட் குறிப்பிடத்தக்கவர் வங்காளத்தின் இராதாகோவிந்த சந்திரர்.

1878ஆம் ஆண்டில் யெசோர் மாவட்டத்திற் பிறந்த சந்திரர் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்விலே தேறவில்லை. மாவட்டக் கச்சேரியின் திறைசேரியில் நாணயங்களை எண்ணிச் சரிபார்க்கும் ஊழியராக அவர் அமர்ந்தார். தொடக்கத்தில் மாதச் சம்பளம் 15 ரூபா. விண்மீன்களை இனங்காணும் பயிற்சியை அவ்வூர் வழக்கறிஞர் காளிநாத் முகர்ஜியின் தொடர்பாற் பெற்றார். 1910ஆம் ஆண்டில் ஹலியின் வால்வெள்ளியைத் தொடர்ந்து நோக்கிக் குறிப்பெழுதினார். 1912ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து மூன்றங்குலத் தொலைகாட்டியொன்றை வரவழைத்தார். 1918ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கழுகு மண்டலத்தில் திடீரெனப் பொங்கியெழுந்த நோவாவைக் கண்டு அவர் எழுதிய குறிப்புகள் ஹாவாட் வானாய்வகத்தின் கவனத்தை ஈர்த்தன. மறு ஆண்டு முதல் அவர் அமெரிக்கச் சங்கத்துக்கு அவதானிப்புகளை அனுப்பலானார்.

அவ்வேலையின் தன்மை நோக்கற்பாலது. மாறும் விண்மீனுக்கு அண்மையில், ஒளி மாறாத இரு விண்மீன்களை அவதானி தெரிந்துகொள்வார். ஒன்று அதனிலும் ஒளிமிக்கது, மற்றையது மங்கியது. அவற்றோடு ஒப்பிட்டு, ஒளித்தரத்தைப் பத்திலொரு பங்கு நுட்பமாக மதிப்பிட்டு, நாளையும் நேரத்தையும் பதிவார். விண்மீன் புலப்படாவிடின் அதுவும் பதிவாகும்; இன்ன ஒளித்தரத்துக்கு மேல் அது இல்லை என்பதும் ஓர் உண்மையே. நேற்றைய மதிப்பும் பிறரது மதிப்பும் கண்ணை ஏமாற்றவல்லன. காண எதிர்பார்த்ததை விடுத்துக் கண்டதையே எழுதுதல் இங்கு அறிவொழுக்கமாகின்றது.

சந்திரரின் ஊர் அமைந்த இடமும் அவர் பணிக்குத் தனிமதிப்பளித்தது. அமெரிக்க அவதானிகளுக்குப் பகலாகும் வேளையில் வங்காளத்தில் இரவு. எனவே அவர்களது பதிவில் நேர்ந்த இடைவெளிகளை அவர் பதிவுகள் நிரப்பின. சங்கம் 1926ஆம் ஆண்டில் ஆறேகால் அங்குலத் தொலைகாட்டியொன்றை அவருக்கு இரவலாக அனுப்பியது. 1928ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அரசு அவரைக் கௌரவித்தது. 1947ஆம் ஆண்டின் பிரிவினையில் யெசோர் கிழக்குப் பாகிஸ்தானுக்குரியதாயிற்று. சந்திரர் மேற்கு வங்காளத்தில் குடியேறினார். நாடு பிளந்தபோதும் பதிவு முற்றுப்பெறவில்லை. 1919 முதல் 1954 வரை அவர் அனுப்பிய அவதானிப்புகள் 37,215. சராசரியாக ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல். இரவல் தொலைகாட்டி பின்னர் வைணு பாப்புவின் பொறுப்பிற் சேர்ந்து, தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தை அடைந்தது. மாணவப் பருவத்தில் மாறும் விண்மீன்களை நோக்கியவரான பாப்புவுக்கு அதன் அருமை தெரியாததன்று. சந்திரர் 1975ஆம் ஆண்டிற் காலமானார்.

சந்திரரை மிகைப்படப் புகழ்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர் புதிய விதியெதனையும் வகுத்தாரல்லர். அவர் தந்த எண்களுக்குப் பொருள் கண்டவர்கள் பிறர். எனினும் அவ்வெண்கள் இல்லையேல் பொருள் காண்பதற்கு எதுவுமில்லை. தானியங்கிக் கருவிகள் ஓரிரவில் எண்ணிறந்த விண்மீன்களைப் பதிவுசெய்யும் இக்காலத்திலும், 1930ஆம் ஆண்டின் ஓரிரவுக்குத் திரும்பிச் சென்று வானை நோக்கவல்ல கருவி எதுவுமில்லை. அவ்விரவில் ஒருவர் விழித்திருந்து எழுதியிருந்தாலே அது நமக்கு உண்டு. தேர்வு மண்டபம் தேறாதவரெனத் தள்ளிய ஒருவரின் ஏட்டிலே அத்தகைய இரவுகள் ஆயிரக்கணக்கிற் காக்கப்பட்டுள்ளன. பட்டங்களைக் கொண்டே அறிவை அளக்கப் பழகிய பல்கலைக்கழகங்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும்.