யாழ்ப்பாணத்து எழுத்தும் கண்ணின் பழக்கமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை எழுத்துக் கற்பதென்பது, விசயதசமியன்று ஏடு தொடக்கி, திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் எழுத்தாணியையும் பனையோலையையும் கைக்கொள்வதாகவே இருந்தது. ஓலை கிழியாதிருக்கும்பொருட்டுப் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை; எகர ஏகாரங்களுக்கு வடிவ வேறுபாடில்லை; ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன; சொற்கள் இடைவெளியின்றித் தொடர்ந்தன. ஆகவே ஏடு படிப்பவர் கண் காட்டாததைப் பொருளறிவாலும் யாப்பறிவாலும் நிரப்பிக்கொண்டே சென்றார். இவ்வாறு எழுத்திற் பழகிய பார்வை, எழுத்தல்லாத உருவங்களைக் காணும் முறையையும் மாற்றுமா என்பது ஆராயத்தக்கது.

1931இல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் ஆய்வு நடத்திய சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா, சம நீளமுள்ள கோடுகள் சமமற்றவையாகத் தோன்றுவது போன்ற காட்சி மயக்கங்களுக்கு, எழுத்தறியாதோரைவிடப் பள்ளியிற் பயின்றோரே கூடுதலாக ஆட்படுவதாகக் கருதினார். ஆயினும் பள்ளி எழுத்தோடு வரைபடத்தையும் வடிவக் கணிதத்தையும் சேர்த்தே புகட்டுவதால், எழுத்து மட்டும் செய்தது யாது என்பது அதனால் விளங்கவில்லை.

தமிழரிடையே நடந்த ஆய்வொன்று இதனினும் நுட்பமானது. மொழியியலாளர் எரிக் பெடர்சன் 2003இல் வெளியிட்ட அவ்வாய்வு, எழுத்தறியாதோர், தமிழ் மட்டும் வாசிப்போர், தமிழோடு ரோமன் எழுத்தும் வாசிப்போர் என மூவகையினரை ஒப்பிட்டு, ஓர் உருவத்தையும் இடவலம் மாறிய அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் அவர்கள் வேறுபடுத்துகின்றனரா எனச் சோதித்தது. தமிழ் மட்டும் வாசிப்போர் பெரிதும் எழுத்தறியாதோரையே ஒத்திருந்தனர். வேறுபாட்டைக் கூடுதலாகக் கண்டவர்கள் இருவகை எழுத்தும் அறிந்தோரே. ரோமன் வரிவடிவத்தின் சிறிய ‘பி’யும் ‘டி’யும் ஒன்றற்கொன்று கண்ணாடிப் பிம்பங்களாதலின், அதனை வாசிப்பவர் இடவலத்தைப் பொருட்படுத்தியே ஆகவேண்டும், தமிழ் நெடுங்கணக்கில் அத்தகைய இணை இல்லை.

இதனைக் கருதும்போது, 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியும், 1841இல் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகத் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழும் குடாநாட்டினருக்குப் புதிய மொழியோடு புதிய பார்வைப் பழக்கத்தையும் தந்திருக்கவேண்டும் எனக் கொள்வது பொருந்தும். அச்செமினரியிற் பயின்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது, ஏடு மயங்கவிட்ட இடந்தோறும் புள்ளி உண்டா இல்லையா, நிற்பது ரகரமா துணைக்காலா, எகரமா ஏகாரமா என ஒன்றைத் துணிந்தே அச்சுக்குக் கொடுக்கவேண்டியிருந்தது.