கிழிந்த நோட்டை மாற்ற வங்கியில் கணக்கு வேண்டாம்! எந்த வங்கியிலும் கேட்கலாம்

பஸ்சில் கொடுத்தால் கண்டக்டர் வாங்க மாட்டார். மளிகைக் கடையில் நீட்டினால் "வேற நோட்டு இருந்தா குடுங்க" என்பார்கள். கூலியாக வந்த 500 ரூபாய் கிழிசல் நோட்டாக இருந்தால் ஒரு நாள் உழைப்பே போன மாதிரிதான்.

வங்கிக்குப் போனாலும் சில இடங்களில் "உங்களுக்கு இங்க அக்கவுண்ட் இருக்கா?" என்று கேட்டு திருப்பி அனுப்பி விடுகிறார்கள். இதனால் பலர் கமிஷனுக்கு மாற்றித் தருபவர்களிடம் கொடுத்து நஷ்டப்படுகிறார்கள். ஆனால் நோட்டு மாற்ற கணக்கு தேவை இல்லை. பொதுமக்கள் யார் வந்தாலும் மாற்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. 'அழுக்கு நோட்டு, கிழிந்த நோட்டு இங்கே மாற்றித் தரப்படும்' என்று வங்கிக் கிளையில் போர்டு வைக்க வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. சிறு நிதி வங்கிகள், பேமென்ட் வங்கிகளுக்கு மட்டும் கிழிந்த நோட்டுகளை மாற்றித் தருவது கட்டாயம் இல்லை.

எவ்வளவு மாற்றலாம்?

அழுக்கு நோட்டுகள் என்றால் ஒரு நாளைக்கு 20 நோட்டு வரை, மொத்தம் 5 ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் கவுண்ட்டரிலேயே இலவசமாக மாற்றித் தருவார்கள். அதற்கு மேல் போனால் ரசீது கொடுத்துவிட்டு பிறகு பணம் தரலாம். கட்டணமும் கேட்கலாம்.

பாதி நோட்டுக்கு எவ்வளவு?

ஒரு துண்டு காணாமல் போன நோட்டுக்கு தனி கணக்கு உண்டு. அதன் விவரம் வருமாறு:-

* 20 ரூபாய் வரை உள்ள நோட்டு: பாதிக்கு மேல் இருந்தால் முழு பணம். இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது.
* 50 ரூபாயும் அதற்கு மேலும்: இருக்கும் பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு பணம். 40 முதல் 80 சதவீதம் வரை என்றால் பாதி பணம். 40-க்கும் குறைந்தால் கிடையாது.

எனவே நோட்டு இரண்டாகக் கிழிந்தால் சின்னத் துண்டைத் தூக்கிப் போட்டு விடாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் கொண்டு போங்கள்.

எது செல்லாது?

வேண்டுமென்றே வெட்டியது, கிழித்தது என்று தெரிந்தால் பணம் கிடைக்காது. அரசியல் வாசகம் எழுதிய நோட்டும் செல்லாது. தீயில் கருகிப் போனது, தொட்டாலே உதிர்வது போன்ற நோட்டுகளை சாதாரண கிளையில் வாங்க மாட்டார்கள். அவற்றை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும். தமிழ்நாட்டுக்கு சென்னையில் அந்த அலுவலகம் உள்ளது.

2 ஆயிரம் ரூபாய் நோட்டுகளை எல்லா வங்கிகளிலும் மாற்றும் வசதி 2023 அக்டோபர் 7-ந்தேதியோடு முடிந்து விட்டது. அதன்பிறகு அந்த வேலை ரிசர்வ் வங்கி அலுவலகங்களுக்குப் போய் விட்டது.

சில்லறைக்கும் இதே கதைதான்

10 ரூபாய் நாணயத்தை சில கடைகளில் வாங்க மறுக்கிறார்கள். எல்லா டிசைனும் செல்லும். வங்கியும் வாங்க மறுக்கக் கூடாது.

மறுத்தால் என்ன செய்வது?

முதலில் கிளை மேனேஜரைப் பாருங்கள். அங்கும் நடக்காவிட்டால் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதன் நகலை பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். இதற்குக் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் பேசலாம்.